‘ஸ்பெக்ட்ரம் எடுத்தாச்சா?’ - ஜேம்ஸ் வெப் செய்திகளைப் பகிரும் முன் கேட்க வேண்டிய கேள்வி

யூடியூபில் விண்வெளி பற்றி ஒரே ஒரு வீடியோ பார்த்தால் போதும். அடுத்த ஒரு வாரத்துக்கு உங்கள் ஃபீடில் பிரபஞ்சம் உடைந்துகொண்டே இருக்கும். ‘பிக் பேங் பொய்யா?’, ‘இருக்கவே கூடாத கேலக்ஸி’, ‘அதிர்ச்சியில் விஞ்ஞானிகள்’ என வரிசையாக வந்து நிற்கும். தம்ப்நெயிலில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தங்க நிறக் கண்ணாடி, பக்கத்தில் சிவப்பு வட்டம் போட்ட ஒரு மங்கலான புள்ளி.

அந்தப் புள்ளி உண்மை. அதைப் பார்த்து விஞ்ஞானிகள் ஆச்சரியப்பட்டதும் உண்மை. ஆனால் அந்த ஆச்சரியத்துக்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி. அது மட்டும் நம் ஃபீடுக்கு வந்து சேர்வதே இல்லை. வந்து சேர வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

அந்தப் புள்ளியில் என்ன தெரிகிறது?

2021 டிசம்பர் 25 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது ஜேம்ஸ் வெப். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்றுகொண்டு வேலை பார்க்கிறது. ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர் அகலம். வெப்பின் கண்ணாடி 6.5 மீட்டர். இந்தத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 1,000 கோடி டாலர்.

ஒளி பயணிக்க நேரம் ஆகும் என்பதால், தூரத்தைப் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. இது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஒளி வந்துகொண்டிருக்கும் அந்தக் காலம் முழுக்க பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது. எலாஸ்டிக் நாடாவில் பேனாவால் ஓர் அலை வரைந்துவிட்டு இழுத்துப் பாருங்கள். அலையும் சேர்ந்து நீளும். ஒளிக்கும் அதேதான் நடக்கிறது. நீல ஒளி சிவப்பை நோக்கி நகரும், அதையும் தாண்டி கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக்குப் போய்விடும். இதைத்தான் ரெட்ஷிஃப்ட் என்கிறார்கள். தமிழில் செம்பெயர்ச்சி.

ரெட்ஷிஃப்ட் 14 என்றால் அலைநீளம் 15 மடங்கு நீண்டிருக்கிறது என்று அர்த்தம். இளம் நட்சத்திரங்களிலிருந்து புறப்பட்ட புற ஊதா ஒளி, நம்மிடம் வந்து சேரும்போது சுமார் 1.8 மைக்ரான் அகச்சிவப்பாக ஆகியிருக்கும். ஹப்பிளின் பார்வை 1.7 மைக்ரானோடு முடிந்துவிடுகிறது. வெப் அதையும் தாண்டி 28 மைக்ரான் வரை பார்க்கும். ஹப்பிளுக்குத் தெரியாத குழந்தைப் பருவம் வெப்புக்குத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

குழந்தைப் பருவம் என்று சும்மா சொல்லவில்லை. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. அதை 80 வயதுப் பாட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். பிக் பேங்குக்குப் பிறகு 30 கோடி ஆண்டில் இருந்த ஒரு கேலக்ஸியை வெப் படம் பிடித்தால், அது அந்தப் பாட்டி ஒன்றே முக்கால் வயதில் தவழ்ந்துகொண்டிருந்தபோது எடுத்த போட்டோ மாதிரி.

போட்டோவா, சான்றிதழா?

அந்தப் போட்டோவில் இருப்பவருக்கு ஒன்றே முக்கால் வயது என்று எப்படிச் சொல்வது? எல்லாக் குழப்பமும் தொடங்குவது இங்கேதான்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, வெவ்வேறு நிற ஃபில்டர்கள் வழியாகப் படம் எடுத்துக் கணிப்பது. ஆரம்பகாலக் கேலக்ஸிகளின் ஒளியில், ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்குக் கீழே இருப்பதை எல்லாம் இடையில் உள்ள ஹைட்ரஜன் வாயு விழுங்கிவிடும். அதனால் அந்தக் கேலக்ஸி சில ஃபில்டர்களில் தெரியாது, அடுத்த ஃபில்டரில் பளிச்சென்று தெரியும். எந்த ஃபில்டரில் காணாமல் போகிறது என்பதை வைத்து ரெட்ஷிஃப்ட்டை மதிப்பிடலாம். வேகமான வழி. ஒரே படத்தில் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளை இப்படிச் சலித்துவிடலாம்.

இரண்டாவது, ஸ்பெக்ட்ரம் எடுப்பது. ஒளியை வானவில் போலப் பிரித்து, அதில் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் போன்ற தனிமங்கள் விட்டுச்சென்ற கோடுகளைத் தேடுவது. ஒவ்வொரு தனிமத்தின் கோடும் எந்த அலைநீளத்தில் இருக்க வேண்டும் என்பது ஆய்வகத்திலேயே தெரிந்த விஷயம். அது எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று அளந்தால், ரெட்ஷிஃப்ட் கையில். மதிப்பீட்டுக்கே வேலை இல்லை. ஆனால் இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். வெப்பில் இருக்கும் நிர்ஸ்பெக் கருவியில் சுமார் 2.5 லட்சம் குட்டி ஷட்டர்கள் உண்டு. தேவையானதை மட்டும் திறந்து, ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு ஸ்பெக்ட்ரம் எடுக்க முடியும்.

முதல் வழி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பார்த்து வயதைச் சொல்வது. இரண்டாவது, பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குவது. போட்டோ பார்த்துச் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் ‘உலகின் மிக இளையவர்’ என்று ரெக்கார்டு எழுதப்போகும்போது யாரும் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

சான்றிதழ் கைக்கு வராத வரை விஞ்ஞானிகள் அதை ‘கேண்டிடேட்’ என்றுதான் எழுதுவார்கள். வேட்பாளர். இன்னும் ஜெயிக்கவில்லை. நம் தலைப்புகளில் முதலில் வெட்டப்படும் வார்த்தையும் அதுதான்.

ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது

2022 ஜூலையில் வெப்பின் முதல் தரவுகள் வெளியானதும், அடுத்தடுத்த நாள்களில் ஆய்வுக் கட்டுரைகள் கொட்டத் தொடங்கின. அதில் இரண்டு கேலக்ஸிகள் மிகவும் பேசப்பட்டன.

ஒன்றின் பெயர் மெய்சி கேலக்ஸி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஃபிங்கெல்ஸ்டைன் குழு கண்டுபிடித்தது. அவருடைய மகளின் பெயரை வைத்தார்கள். இன்னொன்று, சீயர்ஸ்-93316. எடின்பரோவைச் சேர்ந்த கேலம் டொனன் தலைமையிலான குழு அதன் ரெட்ஷிஃப்ட் சுமார் 16.4 என்று மதிப்பிட்டது. அதாவது, பிக் பேங்குக்குப் பிறகு வெறும் 23.5 கோடி ஆண்டு. அது மட்டும் உறுதியாகியிருந்தால் அன்றைய தேதியில் உலக சாதனை.

பிறகு இரண்டுக்கும் ஸ்பெக்ட்ரம் எடுத்தார்கள். முடிவுகள் 2023 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியாகின. மெய்சி பாஸ். ரெட்ஷிஃப்ட் 11.4, பிக் பேங்குக்குப் பிறகு சுமார் 39 கோடி ஆண்டு. சீயர்ஸ்-93316 ஃபெயில். அதன் உண்மையான ரெட்ஷிஃப்ட் 4.9. பிக் பேங்குக்குப் பிறகு சுமார் 120 கோடி ஆண்டு. நம் பாட்டிக் கணக்கில் சொன்னால், ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தை என்று நினைத்தது ஏழு வயதுப் பிள்ளை.

எப்படி ஏமாற்றியது? அந்தக் கேலக்ஸியில் தூசு அதிகம். கூடவே, சூடான வாயுவிலிருந்து வந்த வலுவான ஒளிக் கோடுகள், சொல்லி வைத்தாற்போல வெப்பின் ஃபில்டர்களுக்குள் போய் விழுந்திருந்தன. இரண்டும் சேர்ந்து அதை மிகத் தொலைவில் இருக்கும் இளம் கேலக்ஸி போலவே காட்டிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, இந்தச் சந்தேகம் பிறகு வந்தது அல்ல. அதே கேலக்ஸியைப் பற்றி 2022 ஆகஸ்டிலேயே இன்னொரு குழு எழுதிய கட்டுரையின் தலைப்பில் ‘ஷ்ரோடிங்கரின் கேலக்ஸி கேண்டிடேட்’ என்று இருந்தது. ரெட்ஷிஃப்ட் 17-ஆ, இல்லை 5-ஆ என்ற கேள்வியும் அந்தத் தலைப்பிலேயே இருந்தது. பெட்டியைத் திறக்கும் வரை பூனை உயிரோடும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற பிரபல உதாரணத்தை வைத்து ஒரு கிண்டல்.

இரண்டாவது இன்னும் முக்கியம். சாதனையைக் கலைத்த அந்த ‘நேச்சர்’ கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் கேலம் டொனன் பெயரும் இருக்கிறது. சாதனையாக இருக்கலாம் என்று முதலில் எழுதியவரே, அது இல்லை என்று நிரூபித்த கட்டுரையிலும் கையெழுத்துப் போட்டார். நம் ஊர் டிவி விவாதங்களில் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். முடியாது, இல்லையா?

‘பேனிக்’ ஆனது யார்?

அதே 2022 ஆகஸ்டில் ‘பிக் பேங் நடக்கவே இல்லை’ என்ற வாதத்தோடு எரிக் லெர்னர் என்பவர் எழுதிய கட்டுரை இணையத்தில் சுற்றியது. பல ஆண்டுகளாகவே பிக் பேங்கை மறுத்து எழுதிவருபவர் அவர். விஞ்ஞானிகள் பீதியில் இருக்கிறார்கள் என்பதற்கு அவர் காட்டிய ஆதாரங்களில் ஒன்று, ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இருந்த ‘பேனிக்!’ என்ற சொல்.

அந்தக் கட்டுரையின் தலைப்பு ‘பேனிக்! அட் தி டிஸ்க்ஸ்’. ‘பேனிக்! அட் தி டிஸ்கோ’ என்ற அமெரிக்க இசைக்குழுவின் பெயரை வைத்துச் செய்த சொல் விளையாட்டு. ஆரம்பகாலத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வட்டத்தட்டு வடிவ கேலக்ஸிகள் இருக்கின்றன என்பதுதான் அதன் உள்ளடக்கம். பீதியும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்னோர் ஆதாரம், கன்சாஸ் பல்கலைக்கழக வானியலாளர் ஆலிசன் கிர்க்பாட்ரிக் ‘நேச்சர்’ செய்தியாளரிடம் சொன்னது. தான் இதுவரை செய்ததெல்லாம் தவறோ என்று விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு யோசிப்பதாக அவர் சொல்லியிருந்தார். கேலக்ஸிகள் எப்படி வளர்ந்தன என்ற புரிதல் மாறுவதைப் பற்றிய உற்சாகமான பேச்சு அது. அதை வெட்டி எடுத்து, பிக் பேங் மீதே அவருக்குச் சந்தேகம் என்பதுபோல ஒட்டிவிட்டார்கள். கடைசியில் அவர் தன் ட்விட்டர் பெயரிலேயே ‘பிக் பேங் நடந்தது’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

சரி, ஆச்சரியம் எதில்?

இதைப் படித்துவிட்டு, ‘அப்போ எல்லாமே பில்டப்பா?’ என்று கேட்காதீர்கள். ஸ்பெக்ட்ரம் சான்றிதழோடு ஜெயித்த கேலக்ஸிகளே நிறைய ஆச்சரியத்தைக் கொண்டுவந்திருக்கின்றன.

ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்று ஒரு கேலக்ஸி. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டது. பிக் பேங்குக்குப் பிறகு 30 கோடி ஆண்டுக்கும் குறைவான காலத்தில் இருந்தது. அகலம் சுமார் 1,600 ஒளியாண்டு. நம் பால்வீதியோடு ஒப்பிட்டால் பொடிசு. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 20 சூரியன்கள் எடைக்கு அது நட்சத்திரங்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. இன்றைய பால்வீதி ஆண்டுக்கு உருவாக்குவது ஒன்று அல்லது இரண்டு சூரியன் எடைதான்.

2025 மார்ச்சில் இன்னொரு செய்தி. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி, அதே கேலக்ஸியில் ஆக்ஸிஜனைக் கண்டுபிடித்தது. பிக் பேங்கில் ஆக்ஸிஜன் உருவாகவில்லை. நட்சத்திரங்களுக்குள் சமைக்கப்பட்டு, அவை வெடிக்கும்போதுதான் அது வெளியே வரும். அப்படியென்றால், பாட்டிக்கு ஒன்றே முக்கால் வயது ஆவதற்குள் ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து, வாழ்ந்து, செத்தும் போயிருக்கின்றன. ரெட்ஷிஃப்ட்டும் 14.32-லிருந்து 14.18 எனத் துல்லியமானது. அடுத்து வந்த மாம்-இசட்14 கேலக்ஸி, ஸ்பெக்ட்ரத்தோடு 14.44 என்ற இடத்தைப் பிடித்தது. 28 கோடி ஆண்டு.

இப்படிப்பட்ட பளிச் கேலக்ஸிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கின்றன. எனவே உண்மையான கேள்வி இதுதான்: இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு நட்சத்திரங்கள் எப்படி?

இன்றைய கேலக்ஸிகளில் நட்சத்திரம் உருவாவது ஒரு சோம்பேறி வேலை. குளிர்ந்த வாயு தன் ஈர்ப்பாலேயே சுருங்கி நட்சத்திரமாகிறது. ஆனால் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் சும்மா இருப்பதில்லை. தங்கள் ஒளியாலும் காற்றாலும், கடைசியில் சூப்பர்நோவா வெடிப்பாலும் மீதி வாயுவை விரட்டியடித்துவிடும். அதனால் கையில் இருக்கும் வாயுவில் வழக்கமாக 10 சதவீதம் அளவுக்குத்தான் நட்சத்திரமாகிறது. இதற்கு ஆரம்பகாலம் எப்படி விதிவிலக்கானது? இப்போது சில பதில்கள் மேசையில் இருக்கின்றன.

முதலாவது, அன்று வாயு மிக அடர்த்தியாக இருந்தது. பெரிய நட்சத்திரங்கள் விரட்டத் தொடங்குவதற்குள்ளேயே, சுமார் பத்து லட்சம் ஆண்டுகளில், வாயு சுருங்கி நட்சத்திரமாகி முடிந்திருக்கலாம். இஸ்ரேலின் அவிஷாய் டெகல் குழு 2023-ல் முன்வைத்த விளக்கம் இது.

இரண்டாவது, நட்சத்திரப் பிறப்பு சீராக நடக்காமல் சரவெடி மாதிரி விட்டு விட்டு நடந்திருக்கலாம். கல்யாணத்தன்று சீரியல் லைட் போட்ட வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய பங்களா போலத் தெரியும். வீடு அதே வீடுதான். வெடித்துப் பிறக்கும் நேரத்தில் சிறிய கேலக்ஸியும் அப்படித்தான் ஜொலிக்கும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழுவின் கணினி உருவகங்கள் இதைக் காட்டின.

மூன்றாவது, ஒளியில் ஒரு பகுதி நட்சத்திரத்திலிருந்தே வராமல் இருக்கலாம். 2023 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் ஆறு ராட்சத கேண்டிடேட்கள் வந்தன. ‘பிரபஞ்சத்தை உடைப்பவை’ என்று அவற்றுக்குச் செல்லப்பெயர்கூட வைத்தார்கள். அவற்றின் எடை உண்மையென்றால், கிடைத்த வாயு கிட்டத்தட்ட முழுவதும் நட்சத்திரமாகியிருக்க வேண்டும். பிறகு அதில் ஒன்றுக்கு ஸ்பெக்ட்ரம் எடுத்தபோது, நினைத்ததைவிடக் கிட்டே இருந்தது தெரிந்தது. நடுவில் தீனி தின்றுகொண்டிருந்த கருந்துளையும் சிக்கியது. கருந்துளையைச் சுற்றிச் சூடாகும் வாயுவின் வெளிச்சத்தை, நட்சத்திரங்களின் வெளிச்சமாகக் கணக்கில் எடுத்திருந்தார்கள்.

2024-ல் டெக்சாஸ் குழு, இப்படிப்பட்ட கருந்துளைப் பொருள்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டது. பிரபஞ்சவியலின் அடிப்படை மாதிரி தப்பித்தது. ஆனாலும் எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய கேலக்ஸிகள் இருந்தன. மர்மம் சின்னதாகியிருக்கிறது, தீரவில்லை.

மாறிக்கொண்டிருப்பது கேலக்ஸிகளும் நட்சத்திரங்களும் எப்படி வளர்ந்தன என்ற புரிதல். பிரபஞ்சம் சூடாகவும் அடர்த்தியாகவும் தொடங்கி விரிந்தது என்பதற்கு வேறு பல தனித்தனிச் சான்றுகள் இருக்கின்றன. அவை வெப்பின் படங்களை நம்பி நிற்கவில்லை. மாடி அறையின் பிளானில் மாற்றம் வந்தால், அஸ்திவாரம் இடிந்துவிட்டது என்று யாரும் கத்துவதில்லை.

‘ஹைப் இருந்தால்தானே படிப்பாங்க?’

நியாயமான கேள்வி. டிஜிட்டல் டெஸ்கில் வேலை பார்க்கும் யாருக்கும் தெரியும், ‘ரெட்ஷிஃப்ட் திருத்தம்’ என்று தலைப்பு வைத்தால் யாரும் கிளிக் செய்ய மாட்டார்கள். ‘பிக் பேங் பொய்யா?’ ஓடும். அப்படி உள்ளே வந்த நாலு பேரில் ஒருவராவது வானியல் மீது ஆர்வம் கொள்ள மாட்டாரா? விஞ்ஞானிகளே ‘பிரபஞ்சத்தை உடைப்பவை’ என்று பெயர் வைக்கும்போது, ஊடகங்களை மட்டும் குறை சொல்வது சரியா?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் விலை ஒன்று கொடுக்கிறோம். ‘உடைந்தது’ என்று கத்திய செய்தி பத்து லட்சம் பேரைச் சென்றடைகிறது என்று வையுங்கள். ‘ஸ்பெக்ட்ரம் எடுத்தோம், கணக்கு மாறியது’ என்பது அதில் ஒரு சின்னப் பகுதியைக்கூடத் தொடாது. மீதிப் பேர் மனதில் தங்குவது என்ன? ‘இவங்க இன்னைக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க.’ கேலக்ஸி விஷயத்தில் இந்த எண்ணத்தால் யாருக்கும் காய்ச்சல் வராது. ஆனால் இதே எண்ணம்தான் தடுப்பூசி பற்றிப் பேசும்போதும், பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும்போதும் கூடவே வருகிறது. கருத்தை மாற்றிக்கொள்வது பலவீனம் என்று பழகிவிட்ட கண்ணுக்கு, ஆதாரத்தைப் பார்த்து மாற்றிக்கொள்பவரும் பேச்சை மாற்றுபவரும் ஒன்றாகவே தெரிவார்கள்.

சுவாரசியத்துக்கும் பஞ்சமில்லை. சாதனையைச் சொன்னவரே அதைக் கலைப்பது, கேலக்ஸி என்று நினைத்த வெளிச்சத்துக்குள் கருந்துளை ஒளிந்திருப்பது... துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாம் என்ன கேட்கலாம்?

பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்.

ஸ்பெக்ட்ரம் எடுத்தாச்சா, இல்லை இன்னும் கேண்டிடேட்தானா? செய்தியில் அந்தத் தகவலே இல்லையென்றால், அதுவே ஒரு பதில்.

சக விஞ்ஞானிகளின் பரிசீலனை முடிந்து ஆய்விதழில் வந்ததா, இல்லை இணையத்தில் ஏற்றப்பட்ட முன்பதிப்பா? முன்பதிப்பு தப்பில்லை. அது உரையாடலின் தொடக்கம், அவ்வளவுதான்.

மாறியது எந்தப் பகுதி? நட்சத்திரம் உருவாகும் வேகமா, கேலக்ஸியின் எடையா, இல்லை நிஜமாகவே பிரபஞ்சத்தின் தோற்றமா?

ஊடகங்களுக்கும் ஒரு கோரிக்கை: தலைப்பில் ‘கேண்டிடேட்’ என்ற சொல்லுக்கு ஓர் இடம் கொடுங்கள். ‘உறுதியாகாத’ என்ற ஒற்றைத் தமிழ்ச் சொல்கூடப் போதும்.

இந்தக் கேள்விகள் நம்மிடமிருந்து ரொம்பத் தூரத்திலும் இல்லை. வெப் எடுக்கும் தரவுகளில் பெரும்பகுதி யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. புனேயில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயினும் யோகேஷ் வாடடேகரும் அந்தத் தரவிலிருந்துதான் ‘அலக்நந்தா’ என்று பெயரிட்ட சுருள் கேலக்ஸியைக் கண்டுபிடித்து 2025-ல் அறிவித்தார்கள். பிக் பேங்குக்குப் பிறகு சுமார் 150 கோடி ஆண்டிலேயே, பால்வீதி போல அழகாகச் சுருண்ட கரங்களோடு இருக்கிறது அது. அதன் தூரமும் ஃபில்டர் படங்களை வைத்து மதிப்பிடப்பட்டதுதான். ஆனால் 20-க்கும் மேற்பட்ட ஃபில்டர்கள் என்பதால் மதிப்பீடு வலுவானது. போட்டோ என்றாலும், பல கோணங்களில் எடுத்த போட்டோ. இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், எதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

கடைசியாக, இந்தக் கேள்விகளை நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கேஸ். 2025-ல் ‘கபோடாரோ’ என்ற ஒரு மங்கல் புள்ளி பற்றிய கட்டுரை வந்தது. அது ரெட்ஷிஃப்ட் 32 அளவில், பிக் பேங்குக்குப் பிறகு 10 கோடி ஆண்டுக்குள் இருந்த கேலக்ஸியாக இருக்கலாம். அல்லது நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கும், நட்சத்திரமாக முடியாமல் போன ஒரு குளிர்ந்த பழுப்புக் குள்ளனாக இருக்கலாம். பிரபஞ்சத்தின் விளிம்பா, பக்கத்துத் தெருவா என்பதே தெரியாது என்று கண்டுபிடித்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் புள்ளி என்றாவது ஒருநாள் சிவப்பு வட்டத்தோடு உங்கள் ஃபீடுக்கு வரும். ஷேர் பட்டனைத் தொடும் முன் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.